மர்மர் கேட்டதும் மாத்திரையா?

நாயின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு "மர்மர் இருக்கு" (இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கிற இரைச்சல்) என்று சொல்வதற்கும், "ஹார்ட் ஃபெயிலியர், இனிமே ஆயுசுக்கும் மாத்திரை" என்று சொல்வதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை யாரும் நடந்து பார்க்காமலேயே எங்கள் ஊரில் எத்தனையோ வயதான நாய்கள் லாசிக்ஸ் என்ற, உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டு ஜிம்மியும் அப்படி விழுங்கியவன்தான். ரொம்ப நாளாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிற விஷயம் இது. நாயோடு நடக்க வருகிற ஒவ்வொருவரிடமும் வாய் வலிக்கச் சொல்லியாகிவிட்டது, எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஜிம்மிக்கு 11 வயது. பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம்மூரில் அந்தப் பெயரில் வளர்கிற பெரும்பாலான வெள்ளை நாய்களைப் போல அவனும் இந்தியன் ஸ்பிட்ஸ். எடை 8 கிலோ. அம்மாவின் நாய் என்றுதான் சொல்ல வேண்டும், நான் நடுவில் வந்து போகிற ஆள். இருமல் ஆரம்பித்தபோது அம்மாதான் அதைக் கவனித்து வைத்திருந்தார்: கழுத்துப் பட்டையை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடும்போது வரும், தண்ணீர் குடித்து முடித்ததும் வரும், கூரியர்காரரைப் பார்த்துக் குரைத்து ஓய்ந்ததும் வரும். வறண்ட, கரகரத்த, வாத்து கத்துவது மாதிரி ஒரு சத்தம். கடைசியில் எதையோ கக்கப் போகிற மாதிரி ஓங்கரித்துவிட்டு, ஒன்றும் வராமல் முடிந்துபோகும். தூங்கும்போது இருமியதே இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை அம்மா கிளினிக்கில் சொல்லத்தான் செய்தார், அது யார் காதிலும் ஏறவில்லை.

கிளினிக்கில் நெஞ்சைக் கேட்டார்கள். மர்மர், 6-க்கு 3 கிரேடு. வயது, சின்ன ஜாதி நாய், இருமல், மர்மர். இவ்வளவையும் கூட்டி "இதயம்தான்" என்ற விடை வந்தது. லாசிக்ஸ் இரண்டு வேளை, எனலாபிரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை ஒரு வேளை. எக்ஸ்ரே இல்லை, எக்கோ (இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கிற சோதனை) இல்லை. இதை ஏதோ பெரிய குற்றம் போலச் சொல்ல நான் வரவில்லை, அந்தக் கணக்கில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. நாய்களுக்கு வரும் இதய நோயில் கிட்டத்தட்ட முக்கால்வாசி, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கிற மைட்ரல் வால்வின் தேய்மானம்தான். அதுவும் வயதான சின்ன நாய்களில்தான் அதிகம். வால்வின் இதழ்கள் வருஷக்கணக்கில் தடித்து, முடிச்சு முடிச்சாகி, ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் போகும். கீழறை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரத்தம் பின்பக்கமாக மேலறைக்குள் பீறிட்டு அடிக்கும். அந்தச் சத்தம்தான் மர்மர். ஆக, ஜிம்மியின் வால்வு கசிகிறது என்று அந்த மருத்துவர் சொன்னது சரி. கசிவுதான் இருமலுக்குக் காரணம் என்பதும், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்பதும் யாரும் பார்க்காத விஷயங்கள். அவற்றையும் சேர்த்துத்தான் மருந்துச் சீட்டு எழுதப்பட்டது.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கூடத்து மொசைக் தரை முழுக்க மூத்திரம். ஒரு நாளும் வீட்டுக்குள் இருந்து பழக்கமில்லாதவன், ராத்திரி அடக்க முடியாமல் போய்விட்டு, காதை மடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வான். அம்மா ராத்திரி எழுந்து எழுந்து கதவைத் திறந்துவிட ஆரம்பித்தார், தண்ணீர்ச் சட்டியை எத்தனை தடவை நிரப்பினாலும் காலியாகிக்கொண்டே இருந்தது. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் கூடியிருந்தது. இவ்வளவுக்கும் இருமல் மட்டும் அப்படியே இருந்தது. இருமல் குறையவில்லை என்று போய்ச் சொன்னால் லாசிக்ஸ் அளவைக் கூட்டினார்கள். இங்கேதான் எனக்கு உறைத்தது. ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்றால், அளவு போதவில்லை என்று நினைக்கலாம், நோயே வேறோ என்றும் நினைக்கலாம். எங்கள் விஷயத்தில் இரண்டாவதை யாருமே யோசித்துப் பார்க்கவில்லை.

வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். திருச்சியிலேயே, வயதான மனிதர். அவரிடமும் எக்கோ கருவி கிடையாது. ஆனால் "எக்கோ பார்க்காம இந்த மாத்திரைய தொடர்ந்து எழுத எனக்கு மனசு வரலம்மா, ஒரு தடவை மெட்ராஸ் போயிட்டு வந்துடுங்க" என்று அம்மாவிடம் சொன்னார். தன்னிடம் இல்லாத ஒன்று தேவை என்று வெளிப்படையாகச் சொல்கிற மருத்துவர் கிடைப்பது பெரிய விஷயம்.

வீட்டில் எதிர்ப்பு வந்தது. மாமா, "மனுஷனுக்கே எக்கோ எடுக்க யோசிக்கிறோம், 11 வயசு நாய்க்கா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். பணக்கணக்கு மட்டும் பார்த்தால் அவர் சொல்வதுகூட சரி: லாசிக்ஸ் சில ரூபாய் மாத்திரை, எக்கோ சில ஆயிரம். மாத்திரை அவ்வளவு மலிவாக இருப்பதால்தான் யாரும் எதையும் கேட்காமல் அது வருஷக்கணக்கில் ஓடுகிறது. அதன் உண்மையான விலையைச் சிறுநீரகம் கொடுக்கிறது. இதைத்தான் மாமாவிடம் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை, ஆனால் காரைக் கொடுத்தார். ரயிலில் நாயைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் முதல் வகுப்பில் ஒரு கூபே முழுசாகக் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் கூண்டில் போட வேண்டும். இருமுகிற நாயை அந்தக் கூண்டில் போட அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று ராத்திரி கிளம்பினோம்.

மேசையில் ஒரு ஓட்டை

நாய்க்கு எக்கோ எடுப்பதை நேரில் பார்க்காதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். மயக்க மருந்து கிடையாது. வலது கைக்குக் கீழே, முழங்கை நெஞ்சில் படுகிற இடத்தில், உள்ளங்கை அளவுக்கு முடியை மழித்தார்கள். அவ்வளவு வெள்ளை ரோமத்துக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. மேசையின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு பகுதி வெட்டப்பட்டிருந்தது. ஜிம்மியை வலது பக்கமாகப் படுக்க வைத்து, மழித்த இடம் சரியாக அந்த ஓட்டைக்கு மேல் வரும்படி நகர்த்தினார்கள். ஏன் மேலிருந்து வைக்கக் கூடாது என்று கேட்டேன். அந்தப் பக்கம் படுக்கும்போது இதயம் சரிந்து நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், நுரையீரல் விலகிக்கொள்ளும் என்றார் சென்னை டாக்டர். காற்று இருக்கிற இடத்தில் அல்ட்ராசவுண்ட் போகாது, மோதித் திரும்பிவிடும். அதனால் புரோபை, அதாவது கருவியின் நெஞ்சில் வைக்கிற முனையை, கீழேயிருந்து, விலா எலும்புகளின் இடுக்கு வழியாக வைக்கிறார்கள். அம்மா தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார், உதவியாளர் காலைப் பிடித்துக்கொண்டார். விளக்கை அணைத்ததும் அவனுடைய இரைப்புகூடக் கொஞ்சம் அடங்கியது.

அந்தப் புரோப் முக்கியம். இதை எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எங்க டாக்டர்கிட்ட ஸ்கேன் மெஷின் இருக்கு" என்பார்கள். அது பெரும்பாலும் வயிறு பார்க்கிற மெஷின். கர்ப்பம், கல், கர்ப்பப்பைச் சீழ் எல்லாம் அதில் பார்க்கலாம். அதன் புரோப் அகலமாக, வளைந்து இருக்கும். விலா இடுக்கில் வைத்தால் எலும்பின் நிழல்தான் விழும். இதயம் பார்க்கக் குறுகலான முகம் கொண்ட செக்டார் புரோப் வேண்டும், நொடிக்கு நிறைய படம் எடுக்கிற வேகம் வேண்டும், ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கிற டாப்ளர் வேண்டும், அளவெடுக்கத் தெரிந்த கை வேண்டும். வயிற்றுப் புரோபை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு "ஹார்ட் கொஞ்சம் பெருசா இருக்கு" என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். அதில் ஓர் அளவுகூட இல்லை. அதை எக்கோ என்று எடுத்துக்கொள்ள முடியாது.

திரையில் முதலில் தெரிந்தது ஜிம்மியின் மைட்ரல் வால்வுதான். இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கிற வழக்கம் பிறந்ததே இந்த வால்வை வைத்துத்தான். ஸ்வீடனில், லுண்ட் நகரத்தில், இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் 1953-இல், கப்பல் கட்டுமிடங்களில் உலோகத்தில் விரிசல் பார்க்கப் பயன்பட்ட மாதிரி ஒரு கருவியை வாங்கி மனித நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் மைட்ரல் வால்வின் நிலையைத் தெரிந்துகொள்ள எட்லருக்கு வேறு நல்ல வழி இல்லை, அதற்காகத்தான் அந்தத் தேடல். அவருக்குக் கிடைத்தது அசைகிற ஒரு கோடு மட்டும். இப்போது எட்டு கிலோ நாயின் வால்வு இதழ் தடித்து மேலறைப் பக்கமாகக் கொஞ்சம் பிதுங்குவது வரைக்கும் நானே திரையில் பார்க்க முடிகிறது. டாக்டர் கலர் டாப்ளரைப் போட்டார். புரோபை நோக்கி வருகிற ரத்தம் சிவப்பு, விலகிப்போவது நீலம், குழம்பிச் சுழல்வது பச்சையும் மஞ்சளும் கலந்த கலவை. கீழறை சுருங்கும்போதெல்லாம் மேலறைக்குள் அந்தக் கலவை பீறிட்டது. அம்மா "ஐயோ" என்றார்.

அதன் வேகத்தையும் அளந்தார்கள், நொடிக்கு 5 மீட்டருக்கு மேல். எண்ணைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. டாக்டரே சொன்னார்: "வேகத்தைப் பார்த்து பயப்படாதீங்க. கீழறைக்கும் மேலறைக்கும் நடுவுல எவ்வளவு பிரஷர் வித்தியாசம்ங்கிறதைத்தான் அது காட்டுது. நல்ல பிரஷர் இருக்கிற எல்லா நாய்க்கும் இப்படித்தான் வரும். ஓட்டை எவ்வளவு பெருசுங்கிறது வேற கேள்வி." ஸ்டெதஸ்கோப்பில் கேட்கிற சத்தத்தின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். மிக மெல்லிய மர்மர் என்றால் பெரும்பாலும் லேசான நோய், கையை வைத்தாலே அதிர்வு தெரிகிற 5, 6 கிரேடு என்றால் பெரும்பாலும் கனமான நோய். ஆனால் நடுவில் இருக்கிற 3, 4 கிரேடுக்குள் எதுவும் இருக்கலாம். நம்மூர் நாய்களில் எழுதப்படுகிற கிரேடு பெரும்பாலும் இந்த நடுவில்தான் இருக்கிறது.

இரண்டு வட்டங்கள்

அப்புறம் அவர் புரோபைத் திருப்பி, இதயத்தைக் குறுக்குவாட்டில் வெட்டிப் பார்க்கிற காட்சிக்கு வந்தார். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் மூன்று கோடுகள் வந்து சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற பெருங்குழாயான அயோர்ட்டாவின் வால்வு, அதன் மூன்று இதழ்கள் மூடுகிற இடம். "இந்த பென்ஸ் சின்னம் தெளிவா கிடைச்சாத்தான் அளப்பேன்" என்று சொல்லிவிட்டு, கிடைக்கிற வரைக்கும் புரோபை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திக்கொண்டே இருந்தார். கிடைத்ததும் படத்தை நிறுத்தினார். அயோர்ட்டாவின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அதை ஒட்டியிருந்த இடது மேலறையின் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தார். 1.3.

"நார்மல்" என்றார். "1.6 தாண்டினாத்தான் பெருசுன்னு சொல்வோம்."

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஓர் எண்ணுக்காகத்தான். அயோர்ட்டாவின் அளவு இந்த நோயில் மாறாது, அதனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். நாய் 3 கிலோவானாலும் 40 கிலோவானாலும் அதனதன் அயோர்ட்டாவோடுதான் ஒப்பீடு. வால்வு வழியாகத் திரும்பி வருகிற ரத்தம் அதிகமாக இருந்தால் அதைத் தாங்க மேலறை விரிந்தே ஆக வேண்டும். விரிந்து விரிந்து, இனி முடியாது என்கிற கட்டத்தில்தான் அழுத்தம் பின்னோக்கிப் போய் நுரையீரலில் நீர் கோக்கும். மேலறை விரியவே இல்லையென்றால், மெதுவாக முற்றும் இந்த நோயில், நீர் கோத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்புறம் கீழறையையும் அளந்தார்: விரிந்த நிலையில் 2.6 செ.மீ. எடையோடு பொருத்திக் கணக்குப் போட்டால் 1.4 சொச்சம் வருகிறது; இதற்கு எல்லை 1.7, ஜிம்மியின் எடைக்கு அது சுமார் 3.1 செ.மீ. அங்கேயும் வீக்கம் இல்லை. வலது பக்க வால்வில் துளி கசிவு இருந்தது. நாள்பட்ட மூச்சுக்குழாய்த் தொல்லை இருக்கிற நாய்களுக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் கூடிப்போகலாம் என்பதால் அந்தக் கசிவின் வேகத்தையும் பார்த்தார், 2.5 மீட்டர். 3.4-ஐத் தாண்டினால்தான் கவலை.

ஆக, வால்வு கசிகிறது, இதயம் அதை இன்னும் பொருட்படுத்தவில்லை. அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல்படி இதற்கு பி-1 நிலை என்று பெயர். 2009-இல் வந்து 2019-இல் திருத்தப்பட்ட அந்த வழிகாட்டுதலில், பி-1 நாய்க்கு இதய மருந்து எதுவும் பரிந்துரைக்கப்படவில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மறுபடி எக்கோ பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான். லாசிக்ஸ் வருவது சி நிலையில், அதாவது நுரையீரலில் நீர் கோத்த பிறகு. என் நாய் இரண்டு படி தள்ளியிருக்கிற ஒரு நிலைக்கான மருந்தைத் தின்றுகொண்டிருந்தது.

அதே நாளில் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். எக்கோவால் நுரையீரலுக்குள்ளே முழுசாகப் பார்க்க முடியாது, மூச்சுக்குழாயையும் சரியாகக் காட்டாது, எக்ஸ்ரேதான் அதற்கு. இரண்டில் ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படத்தில் நுரையீரல் சுத்தமாகக் கறுப்பாக இருந்தது. கழுத்து முடிந்து நெஞ்சு ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் மூச்சுக்குழாய் தட்டையாக நசுங்கித் தெரிந்தது. மூச்சுக்குழாய்ச் சரிவு, சின்ன ஜாதி நாய்களுக்கு வால்வு நோய் எவ்வளவு சகஜமோ கிட்டத்தட்ட அவ்வளவு சகஜம். இரண்டும் ஒரே வயதில், ஒரே ஜாதியில், ஒரே நாயில் வருவதால்தான் இந்தக் குழப்பம். பட்டையை இழுத்தால் இருமல், குரைத்தால் இருமல், தூக்கத்தில் இல்லை. அம்மா ஆரம்பத்திலேயே சொன்னது இதைத்தான்.

மருந்துகளை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று எழுதிக் கொடுத்தார்கள். கழுத்துப் பட்டை போய், நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ் வந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் ராத்திரி கொசுவர்த்தியும் ஜிம்மி இருக்கிற அறையில் கூடாது என்றார்கள். அம்மா சாம்பிராணியை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார், கொசுவுக்கு வலை வந்துவிட்டது. எடை குறைக்கச் சொன்னார்கள். ரொம்பத் தொல்லை கொடுத்தால் மட்டும் இருமல் அடக்கும் மருந்து. இருமல் முழுசாக நிற்கவில்லை, நிற்காது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். ஆனால் கிரியாட்டினின் இறங்கியது, ராத்திரி எல்லோரும் தூங்கினோம்.

மருந்து கூடாது என்பதல்ல நான் சொல்வது

இதைப் படித்துவிட்டு யாராவது நாயின் இதய மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டால் எனக்கு அதைவிடப் பெரிய பாவம் வேறு இல்லை. நுரையீரலில் நீர் கோத்த நாய்க்கு லாசிக்ஸ்தான் உயிர். மூச்சுத் திணறிக்கொண்டு வருகிற நாயை எக்கோ மேசையில் பக்கவாட்டில் படுக்க வைக்கவே கூடாது. முதலில் ஆக்சிஜன், ஊசி, அப்புறம்தான் படமெல்லாம். நான் பேசுவது மூச்சு நன்றாக இருக்கிற, இருமுகிற, மர்மர் கேட்கிற நாயைப் பற்றி. அந்த நாய்க்கு அவசரம் இல்லை, பார்த்துவிட்டு முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2016-இல் எபிக் என்ற ஆய்வின் முடிவு வந்தது. 11 நாடுகளில் 360 நாய்கள். எல்லாவற்றுக்கும் மைட்ரல் வால்வு நோய், இதயம் பெரிதாகியிருந்தது, ஆனால் வெளியே ஒரு அறிகுறியும் இல்லை. பாதி நாய்களுக்கு பிமோபென்டன் என்ற, இதயத் துடிப்புக்குப் பலம் சேர்க்கும் மருந்து, மீதிக்கு வெற்று மாத்திரை. பிமோபென்டன் சாப்பிட்ட நாய்களுக்கு இதயச் செயலிழப்பு வருவது சராசரியாகப் பார்த்தால் சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. நாயின் ஆயுளில் 15 மாதம் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆனால் ஆய்வில் சேர்த்துக்கொண்டதே மேலறை விகிதம் 1.6, கீழறை 1.7 எல்லையைத் தொட்ட நாய்களைத்தான். அதாவது பி-2. அந்த நாய் இருமாது, இரைக்காது, வாலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் கேட்கும். அதற்கும் ஜிம்மிக்கும் ஸ்டெதஸ்கோப்பில் ஒரே மர்மர் கேட்கலாம். ஒன்றுக்கு மாத்திரை ஆரம்பிக்கிற நல்ல நேரம் இதுவே, இன்னொன்றுக்கு மாத்திரையே வேண்டாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது எக்கோ. எக்ஸ்ரேயில் இதயத்தின் அளவை முதுகெலும்புத் துண்டுகளோடு ஒப்பிட்டு எண்ணுகிற முறை ஒன்று 1995-லிருந்து இருக்கிறது, எக்கோ கிடைக்காத ஊரில் அது பெரிய உதவி. ஆனாலும் எல்லைக்கோட்டில் நிற்கிற நாயை அது குழப்பிவிடும். எனவே "வயசான நாய்க்கு எதுக்கு எக்கோ" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒரு நாய்க்கு இல்லாத நோய்க்கு மருந்து போவதும், இன்னொரு நாய்க்கு இருக்கிற நோய்க்கு மருந்து போகாமல் இருப்பதும் ஒரே காரணத்தால் நடக்கிறது, யாரும் உள்ளே பார்க்கவில்லை.

பூனை விஷயத்தில் இது இன்னும் மோசம். மேல்வீட்டு அக்காவின் பூனை, ஐந்து வயது, தடுப்பூசி போடும்போதெல்லாம் நெஞ்சைக் கேட்டுப் "பிரமாதமா இருக்கு" என்று அனுப்பிய பூனை, ஒரு காலையில் அலறிக்கொண்டு பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தது. பாதங்கள் சில்லென்று இருந்தன. அன்று எடுத்த எக்கோவில் கீழறைச் சுவர் தடித்து, மேலறை வீங்கி, உள்ளே ரத்தம் புகை மாதிரி மந்தமாகச் சுழன்றுகொண்டிருந்தது. அங்கே உறைந்த கட்டிதான் உடைந்து, அயோர்ட்டா பின்னங்கால்களுக்குப் பிரிகிற இடத்தில் போய் அடைத்திருக்கிறது. அன்றிரவே போய்விட்டது. இதயத்தசை தடிக்கிற இந்த நோய் பூனைகளில் சுமார் 15 சதவீதத்துக்கு இருக்கிறது என்கிறார்கள், பெரும்பாலானவை அதனால் கஷ்டப்படாமலேயே வாழ்ந்து முடிக்கின்றன. ஆனால் பலவற்றுக்கு மர்மரே இருக்காது, மர்மர் இருக்கிற பல பூனைகளுக்கு நோயே இருக்காது. காது கொஞ்சமும் துணைக்கு வராத இடம் இது. அக்கா அந்தப் பூனையின் கூடப்பிறந்ததைக் கூட்டிப்போய் எக்கோ எடுத்தார். அதற்கும் சுவர் 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் மேலறை சாதாரணமாக இருக்கிறது. இப்போதைக்கு மருந்து இல்லை, கண்காணிப்பு மட்டும். மேலறை பெரிதானால் ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் ஆரம்பிப்பார்கள்.

பூனை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்க்கிற வீடுகள் நம்மூரில் நிறைய. பூனையின் உடம்பால் டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு தயாரிக்க முடியாது, கறியிலும் மீனிலும்தான் அது இருக்கிறது. 1987-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில், இதயம் தளர்ந்து விரிந்துபோன பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதைக் கொடுத்ததும் அந்த இதயங்கள் மறுபடி பலமாகத் துடிக்க ஆரம்பித்ததை எக்கோவில்தான் பார்த்தார்கள். அதற்கப்புறம் பூனை உணவு நிறுவனங்கள் டாரினைக் கூட்டின, அந்த நோய் வெகுவாகக் குறைந்துபோனது. வீட்டில் கறி, மீன் சமைக்காவிட்டாலும் பரவாயில்லை, பூனைக்குக் கொஞ்சம் மீனாவது வாங்கிப் போடுங்கள், அல்லது நல்ல பூனை உணவு.

செலவில்லாத ஒரு வேலையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், எக்கோ எடுக்க வழியில்லாதவர்களும் இதைச் செய்யலாம். நாயோ பூனையோ நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விலா மேலே ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேலே போனால், இருமல் இருக்கிறதோ இல்லையோ, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணி, பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே குறித்து வைக்கிறார்: 18, 20, 17. கனவில் கால் உதைக்கும்போது எண்ணக் கூடாது என்பது அவரே கண்டுபிடித்த விதி. டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

எக்கோவுக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட்டில் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மேலறைக்கும் அயோர்ட்டாவுக்கும் உள்ள விகிதம், எடைக்குப் பொருத்திய கீழறை அளவு, எந்த நிலை என்ற முடிவு. இவை இருந்தால்தான் அடுத்த தடவை வேறொருவர் பார்த்தாலும் நோய் நகர்கிறதா என்று தெரியும். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903-லிருந்து நடக்கிற வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தனியாரும் இருக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் கிளம்பும் முன் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று பக்கத்தில் இருக்கிற கால்நடைக் கல்லூரிக்கு ஒரு போன் போட்டு, "வயிற்று ஸ்கேன் இல்லை, இதய எக்கோ எடுப்பீர்களா, என்றைக்கு" என்று தெளிவாகக் கேளுங்கள். திருச்சி மாதிரி ஒரு ஊரிலிருந்து இருமுகிற நாயோடு ராத்திரி முழுக்கப் பயணம் செய்ய வேண்டியிருப்பது சரியில்லை. மாவட்டத்துக்கு ஒரு செக்டார் புரோபும், அளக்கப் பழகிய ஒருவரும் இருந்தால் இந்தப் பயணத்துக்கே அவசியம் இல்லை. கேட்கிற ஆட்கள் கூடினால்தான் அது வரும்.

ஜிம்மிக்கு அதற்கப்புறமும் ஒரு எக்கோ பார்த்தாகிவிட்டது. மேலறை 1.4, இன்னும் பி-1தான். 1.6-ஐத் தொட்டால் அன்றைக்கே பிமோபென்டன் ஆரம்பிப்பது என்று அம்மாவும் நானும் முடிவு செய்து, திருச்சி டாக்டரிடமும் சொல்லி, ரிப்போர்ட்டின் நகலை அவருடைய கோப்பிலும் வைத்துவிட்டோம். அதுவரை இதயத்துக்கென்று ஒரு மாத்திரையும் இல்லை.